ஆறு யூரோ நாற்பது

நவம்பரில் பின்லாந்து முழுக்கக் கணக்கு வெளியாகும்.
பெரிய வருமானக்காரர்களைப் பேப்பர் வரிசையாய்ப் போடும்.
மற்றவர்களை வரி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்கலாம்.
ஓவ்லுவில் அன்று ஒருநாள்
யாரும் பனியைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆறு வருடம் முதல் வரியில் இருந்த
யல்மாரி கெஸ்கிதாலோ
இம்முறை பட்டியலிலேயே இல்லை.
அஹ்தி ஃபோன் போட்டுக் கேட்டே விட்டார்.
"பஸ் ஓட்டும் என் மருமகனைவிடக் கம்மி"
என்று நீச்சல்குளத்து டிக்கெட் ஜன்னலில் குனிந்து
என்னிடம் சொன்னபோது
அந்தக் குரலில் இருந்தது
துக்கமா சந்தோஷமா, எனக்குப் பிடிபடவில்லை.

கொடுத்துவிட்டான். கம்பெனியை விற்ற பணம் மொத்தமும்.
சிறுநீரக வார்டு, ஆற்றோரப் பள்ளிக்கூடம்,
பெயர் தெரியாத ஏதோ ஒரு பாசிக்கான ஆராய்ச்சி.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான்.
நாங்கள் பல்லை எண்ணினோம்,
குளம்பைத் தூக்கிப் பார்த்தோம்,
வால் அசலா என்று இழுத்தும் பார்த்தோம்.
"ஏதோ வியாதி. சாகப்போகிறான்" என்றாள் ரௌஹா,
"நல்ல உடம்போடு இருக்கிறவன் செய்கிற காரியமா இது?"
டிசம்பர் போயிற்று. சாகவில்லை.
ரௌஹா அதையும் மன்னிக்கவில்லை.

அஹ்தியின் தம்பி அந்தக் கம்பெனியில் இருந்தவர்.
ஒரு செவ்வாய்க்கிழமை காலை
அறுபத்தொரு பேருக்கு ஒரே குறுஞ்செய்தி, வேலை இல்லையென்று.
அதன் அடியில் ஒரு மீன் சிரித்துக்கொண்டிருந்தது.
லோகோவாம்.
எடுக்க மறந்துவிட்டார்களாம்.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு.
அவன் செய்த மீன்பிடி விளையாட்டில்
என் மகன் தங்கத் தூண்டில் வாங்கினான்,
என் கார்டில், எனக்குத் தெரியாமல்,
முப்பத்தெட்டு யூரோ.
ஆக, அந்தப் புது வார்டில்
ஒரு செங்கல் என்னுடையது.
எந்தச் செங்கல் என்றுதான் தெரியவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழன். மைனஸ் இருபத்துநான்கு.
கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது அவன்தான்.
கக்கத்தில் சுருட்டிய துண்டு,
புருவத்தில் உறைந்த மூச்சு.
ஆறு யூரோ நாற்பது என்றேன்.
கார்டை வைத்தான். சிவப்பு விளக்கு.
துடைத்து வைத்தான். சிவப்பு.

பின்னால் ஒன்பது பேர்.
ஒருவரும் இருமக்கூட இல்லை.
ரௌஹா திடீரென்று நீச்சல் வகுப்பு அட்டவணையை
வேதம்போல் படிக்கத் தொடங்கினாள்.
"நாடகம்" என்றது ஒரு மஃப்ளர்.
நான் இயந்திரத்தைக் குற்றம் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
முப்பத்தெட்டு யூரோ என் நாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது.

"பரவாயில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று
அவன் தொப்பியை எடுத்தபோது
சில்லறை விழும் சத்தம்.
அஹ்தி.
யார் செய்தாலும் அவர் செய்யமாட்டார் என்று
நான் பந்தயம் கட்டியிருப்பேன்.
இருபது சென்ட், இருபது சென்ட்டாக,
எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணி வைத்தார்.
"கடன்" என்றார். "அடுத்த வியாழன் வேண்டும்.
எழுதிக்கொள், அம்மா."
ரசீதின் முதுகில் எழுதினேன்.
கெஸ்கிதாலோ, 6.40.
அவர் கையெழுத்துப் போட்டார்.

சௌனாவில் மேல்படியில் இடம் விட்டார்களாம்.
தண்ணீர் ஊற்றும் கரண்டியையும் கொடுத்தார்களாம்.
"அதிகமாக ஊற்றுகிறான்" என்றார் அஹ்தி
முகம் சிவந்து வெளியே வந்து,
"அளவே தெரியாத ஆள்."

அடுத்த வியாழன் காசு சரியாக வந்தது.
"இன்றைக்கு எண்ண நேரமில்லை" என்றார் அஹ்தி.
அதற்கடுத்த வியாழன் கண்ணாடி கொண்டுவரவில்லையாம்.
இப்போது மார்ச். ஆற்றில் பனிக்கட்டி முனகத் தொடங்கிவிட்டது.
காகிதத்தில் பொதிந்த அதே நாணயங்களோடு
யல்மாரி வாராவாரம் வந்து நிற்கிறார்.
வாங்கிவிட்டால்
மறுபடியும் இந்த ஊரில் அவர் மட்டும்தான்
கொடுத்தவராக இருப்பார்.
அஹ்தி இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரசீது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.
மை வெளுத்துக்கொண்டு வருகிறது.
நேற்று அதன்மேல் திரும்ப ஒருமுறை எழுதினேன்.
தூண்டில் விஷயத்தை
இன்னும் அவரிடம் எடுக்கவில்லை.